கால் தெரியாத மலை

சிம்னிப் பாறைக்கு ரெண்டு மைல்தான் என்று சொன்னவன் நான். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. எங்கள் கூட்டத்தின் வாயாடி ஜெத்ரோ கைம்ஸ் சொன்னால் கதைக்குள் ஒரு கழுதையும் வந்துவிடும். அன்று என்னோடு கழுதை எதுவும் இல்லை. தனியாகத்தான் போனேன்.

எங்கள் இல்லினாய் மாவட்டத்தில் மலை கிடையாது. ஊரில் உயரமான பொருள் கோர்ட்டுக் கட்டடத்தின் கூம்பு. அதற்கு அடுத்தது சோளப்பயிர். ஆற்று ஈரம் காற்றில் பால் ஊற்றினாற்போல எப்போதும் நிற்கும். ஒரு மரத்தின் இலை தனித்தனியாகத் தெரிந்தால் அது பக்கத்து வயலில் இருக்கிறது. மங்கலாகத் தெரிந்தால் அடுத்த ஊரில் இருக்கிறது. தூரத்தை அளக்க எங்களுக்கு இந்த ஒரு கணக்குதான், அதுவும் பிறந்ததிலிருந்து தப்பியதில்லை. மேற்கே நாங்கள் போன வழியில், பிளாட் ஆற்றின் மேற்பகுதியில் காற்றே காய்ந்து கண்ணாடியாகிவிடும் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை.

1850 ஜூன் மாதம் ஒரு நண்பகல். இருபத்து மூன்று கூண்டு வண்டிகள், தொண்ணூறு பேர், கலிஃபோர்னியா போகிற கூட்டம். வண்டிகளை நிறுத்தி அடுப்பு மூட்டினோம். மேற்கே அந்தப் பாறை நின்றது. கவிழ்த்து வைத்த புனல் மாதிரி என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்குக் குழாய் மட்டும்தான் தெரிந்தது. கல்லில் இருந்த விரிசல்கூடத் தெளிவாக இருந்தது. விரிசல் தெரிகிறது என்றால் பக்கத்து வயல்.

"பயறு வேகறதுக்குள்ள வந்துடுவேன்," என்றேன் லவீனாவிடம். லவீனா என் மனைவி. அப்போது ஐந்து மாதம். "ரெண்டு மைல்தான். பேரைச் செதுக்கிட்டு ஓடி வந்துடறேன்."

"பேரை மட்டும் செதுக்கு ஓபெட். கதை எழுதிட்டு உக்காந்துடாதே."

நடந்தேன். நான் நடக்க நடக்கப் பாறையும் அதே வேகத்தில் பின்னால் நடந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் நான் ரெண்டு மைல் வந்திருக்கிறேன், பாறைக்கு இன்னும் ரெண்டு மைல் இருக்கிறது. அதற்கடுத்த மணி நேரமும் அப்படியே. பொழுது சாயும்போதுதான் அதைத் தொட்டேன். உளியை எடுத்து என் பெயரின் முதல் எழுத்தைச் செதுக்கி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. அங்கேயே படுத்து, மறுநாள் கால் கொப்புளத்தோடு திரும்பி வந்தேன்.

என் பெயரின் முதல் எழுத்து ஆங்கிலத்தில் ஒரு வட்டம். "பொழுதன்னைக்கும் நடந்து போய் ஒரு பூஜ்யம் போட்டுட்டு வந்திருக்கான்யா," என்றான் ஜெத்ரோ.

என்னைத் தேடிக் கூட்டம் அரை நாள் நின்றிருந்தது. நாலு பேர் குதிரையில் அலைந்திருந்தார்கள். ஒரு குதிரை நொண்டிவிட்டது. எங்கள் தலைவர் கேப்டன் ஈலம் ஸ்டர்கில் கத்துகிற ஆள் இல்லை. எங்கள் வழக்கப்படி இன்று முன்னால் போகும் வண்டி நாளை கடைசிக்குப் போய்விட வேண்டும். அப்போதுதான் புழுதி எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கும். கேப்டன் என் வண்டியைக் கடைசிக்குக் காட்டினார்.

"எத்தனை நாளைக்கு கேப்டன்?"

"கலிஃபோர்னியா வரைக்கும்."

இருபத்திரண்டு வண்டிகளின் புழுதியை அதன்பிறகு தினமும் நாங்கள்தான் சாப்பிட்டோம். என் பெயர் 'ரெண்டு மைல்' ஆகிவிட்டது. சின்னப் பிள்ளைகள்கூட "குட்மார்னிங் மிஸ்டர் ரெண்டு மைல்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். இதெல்லாம் பரவாயில்லை. எங்கள் ஊரில் மனைவி புருஷனை மிஸ்டர் போட்டு அழைப்பதுதான் முறை. லவீனா மட்டும் கல்யாணத்துக்கு மறுநாளே ஓபெட் என்று கூப்பிட ஆரம்பித்தவள். அந்தச் சாயங்காலம் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, "பயறு ஆறிப்போச்சு, மிஸ்டர் டான்ஸ்லி. சாப்பிடுங்க," என்றாள்.

மரியாதை அன்றைக்கு வீட்டுக்குள் வந்தது. வந்தது லேசில் போகவில்லை.

கடைசி வண்டியில் ஒரு வசதி உண்டு. பேச ஆளில்லாததால் யோசிக்கலாம். நான் பீப்பாய் செய்கிறவன். பலகை பொருந்தவில்லையென்றால் எந்த இடத்தில் பிசகினேன் என்று பார்க்காமல் தூங்க மாட்டேன். அந்தப் பாறை விஷயத்தில் எங்கே பிசகினேன்? மனதுக்குள் மறுபடி நடந்து பார்த்தேன். கிளம்பும்போது குழாய் மட்டும்தான் தெரிந்தது. பாதி வழியில் புனலின் வயிறு தரையிலிருந்து எழும்பியது. இன்னும் நடந்த பிறகே அடிவாரம் தெரிந்தது. அதற்கும் பிறகுதான் அடிவாரத்துப் புதர்கள். ஆக, இந்தச் சீமையில் மலையின் முகத்தைப் பார்த்துத் தூரம் சொல்லக் கூடாது. முகம் எவ்வளவு தூரத்திலும் பளிச்சென்று சிரிக்கும். காலைப் பார்க்க வேண்டும்; தூரத்தில் இருந்தால் பூமியின் வளைவு அதை மறைத்துவிடும். பூமி உருண்டை என்று பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்னபோது நான் ஜன்னல் வழியே தட்டையான சோளக்காட்டைப் பார்த்துச் சிரித்தவன். அவர் இப்போது என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்.

லாரமி சிகரம் வந்ததும் சோதித்துப் பார்த்தேன். ஒரு வாரம் கண்ணிலேயே நிற்கிற மலை அது. காலையில் ஏதாவது ஒரு குன்றைக் காட்டி, "அதுக்கு ஏழு மைல்," என்பேன். லவீனா சக்கரத்தின் ஆரக்கால் ஒன்றில் சிவப்புத் துணி கட்டியிருந்தாள். துணி முந்நூற்று அறுபது தடவை சுற்றி வந்தால் ஒரு மைல். அவள் எண்ணிக்கொண்டே வருவாள்.

"பதிமூணு மைல், மிஸ்டர் டான்ஸ்லி. ஒரு பிஸ்கட் குடுங்க."

பந்தயம் பிஸ்கட்டுக்கு. ஜூன் மாதத்தில் மட்டும் பதினோரு பிஸ்கட் தோற்று இடுப்பு வாரை இறுக்கிக்கொண்டேன். ஜூலையில் பிளந்த பாறை வந்தது. துப்பாக்கிக் குறிமுனை மாதிரி நடுவில் வெட்டுள்ள அந்த மலை ஒரு நாள் முழுக்க முன்னால் நின்றது, ரெண்டு நாள் முதுகுக்குப் பின்னால் நின்றது. போகும்போதும் பார்த்தேன், திரும்பித் திரும்பியும் பார்த்தேன். கால் மறைந்தால் எவ்வளவு, கால் தெரிந்து விரல் தெரியாவிட்டால் எவ்வளவு, விரலாகிய புதரும் தெரிந்தால் எவ்வளவு என்று பிடிபட ஆரம்பித்தது. ஜூலை முடியும்போது லவீனா பதினாறு பிஸ்கட் பாக்கி. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளிடம் பிஸ்கட் வாங்கித் தின்கிற அளவுக்கு நான் கெட்டவன் இல்லை, பாதியைத்தான் தின்றேன்.

ஆனால் மிஸ்டர் மட்டும் போகவில்லை. "குன்றுக்குச் சரியா சொல்றீங்க. பாறைக்குச் சொன்னதுதான் கூட்டமெல்லாம் ஞாபகம் வெச்சிருக்கு," என்றாள்.

உப்பு ஏரி ஊரைச் சேர்ந்தபோது ஆகஸ்ட் பிறந்துவிட்டது. நாங்கள் பிந்திவிட்டோம். நொண்டிய குதிரையின் சொந்தக்காரர் அதற்கு என்னைத்தான் காரணமாகச் சொன்னார். பனி விழுவதற்குள் கடைசி மலைத்தொடரைத் தாண்ட வேண்டும் என்பதால், உப்பு வெளியை நேராகக் கடக்கும் குறுக்கு வழியைக் கேப்டன் எடுத்தார். ஊர்க்காரர் ஒருவர் வழி சொன்னார்.

"எண்பது மைலுக்குச் சொட்டுத் தண்ணி கிடையாது. மேற்கே பைலட் சிகரம்னு ஒண்ணு தெரியும். அதை விட்டுக் கண்ணை எடுக்காதீங்க. ஊத்து அதோட காலடியில இருக்கு. அந்தப் பக்கத்துல வேற எந்த மலையிலயும் ஒண்ணும் கிடையாது."

வண்டிக்கு ரெண்டு பீப்பாய் தண்ணீர் நிரப்பினோம். என் பீப்பாய்கள் நான் செய்தவை. அந்த வறட்சியில் பலகை சுருங்கி மற்றவர்களுடையது கசிந்தது. நான் ஈரக் கம்பளி சுற்றி வைத்திருந்தேன். ஜெத்ரோ அதைப் பார்த்து, "பொண்டாட்டிக்குக்கூட இப்படிப் போத்தி விடமாட்டான்," என்றான்.

ஒரு பகலும் ஓர் இரவும் நடந்தோம். ரெண்டாம் நாள் காலை, உப்பு வெளியின் விளிம்பில் ஒரு கரடு மேல் ஏறி நின்றோம். எருதுகள் நாக்கைத் தொங்கப்போட்டு நின்றன. என்னுடைய முன்னேர் எருதுகள் ரெண்டுக்கும் ஜட்ஜ், டீக்கன் என்று பெயர். ஜட்ஜ் என்னைப் பார்த்த பார்வையில் தண்டனை எழுதியிருந்தது.

முன்னால் உலகம் வெள்ளையாகக் கிடந்தது. அதன் நடுவில் ஒரு கரிய மலை. அதன் அடியில் ஏரி போல வெள்ளி மின்னியது. கூட்டத்தில் பாதிப் பேர் அழுதேவிட்டார்கள்.

"அதுதான்யா பைலட்," என்றான் ஜெத்ரோ. "அடியில தண்ணி தளும்புது பாருங்க."

கேப்டன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "பத்து மைல். மிஞ்சிப்போனா பன்னெண்டு. மத்தியானத்துக்குள்ள சேந்துடலாம். மாடெல்லாம் வத்திப்போச்சு. இருக்கற தண்ணி மொத்தத்தையும் இப்பவே அதுங்களுக்கு வெச்சுடுங்க. காலிப் பீப்பாயை இங்கயே தள்ளுங்க. எடை குறையட்டும்."

நியாயமான முடிவுதான். பத்து மைல் என்றால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஜெத்ரோ அதற்குள் ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றி, முகம் கழுவி, பெண் பார்க்கக் கிளம்புகிறவன் மாதிரி தலையை வாரிக்கொண்டிருந்தான்.

நான் மட்டும் மலையின் காலைத் தேடினேன். அந்த மலைக்குக் கால் இல்லை. அடியில் மின்னியது தண்ணீர் இல்லை, வானம். மலை தரையைத் தொடாமல் அந்தரத்தில் மிதந்துகொண்டிருந்தது. அதன் இடது தோளுக்குப் பின்னால், நகத்துண்டு அளவுக்கு வெளிறிய இன்னொன்று எட்டிப் பார்த்தது.

வாயைத் திறக்காமல் இருந்தால் என்ன என்று ஒரு நிமிடம் நினைத்தேன். சொல்லித் தப்பாகப் போனால் கடைசி வண்டிக்குப் பின்னால் வேறு இடம் கிடையாது. வண்டியின் நிழலில் லவீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போது ஏழு மாதம். அவளுடைய உதடு வெடித்து உப்புப் பூத்திருந்தது.

"கேப்டன்," என்றேன். "அது பைலட் இல்ல. பைலட் அதுக்குப் பின்னால இருக்கு. இந்தக் கறுப்பு மலைக்கே இருபது மைலுக்கு மேல ஆகும்."

ஒவ்வொருவராக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சிரிப்பு ஆரம்பித்தது. தாகத்தில் சிரிக்கிற சிரிப்பு இருமல் மாதிரி இருக்கும்.

"ரெண்டு மைலுங்கறவன் இருபதுங்கறான்," என்றான் ஜெத்ரோ. "விலைவாசி ஏறிப்போச்சுப்பா."

"எதை வெச்சுச் சொல்றே?" என்றார் கேப்டன்.

"கால் தெரியல கேப்டன்."

"யாருக்கு?"

"மலைக்கு."

இதற்கு வந்த சிரிப்பை விவரிக்க வேண்டாம். "மலைக்குக் காலாம். பூட்ஸ் வாங்கிக் குடுக்கலாமா?" என்றது ஒரு குரல். "பீப்பாய்க்காரன் அவன் செஞ்ச பீப்பாயைத் தூக்கிப்போட மனசு வராமப் பேசறான்," என்றது இன்னொன்று. அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

அப்போது லவீனா எழுந்தாள். எழுவதற்கே சக்கரத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. கூட்டத்தில் பெண்களுக்கு ஓட்டுக் கிடையாது, ஆனால் பேசக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

"கேப்டன், ஜூலை மாசத்துல நான் இவர்கிட்ட பதினாறு பிஸ்கட் தோத்திருக்கேன்."

"என்னம்மா சொல்றீங்க?"

"தினம் தூரம் சொல்வாரு. நான் சக்கரத்தை எண்ணுவேன். ஜூன்ல பெரிய முட்டாளா இருந்தாரு, நானே சாட்சி. ஜூலைல பதினாறு தடவை சரியா சொன்னாரு. தப்பினது நாலு. அதுலயும் மூணு நாள் மழை." மூச்சு வாங்கினாள். "நான் என் பீப்பாயைத் தள்ளமாட்டேன். அவ்வளவுதான்."

எங்கள் கூட்டத்தில் எதற்கும் ஓட்டுதான். பாலத்துக்கு ஓட்டு, பாதிரியாரின் பிரசங்கம் எவ்வளவு நேரம் என்பதற்கு ஓட்டு. ஆண்கள் கேப்டன் பக்கம் ஒரு வரிசை, என் பக்கம் ஒரு வரிசையாக நின்றார்கள். என் பக்கம் நாலு வண்டிக்காரர்கள் வந்தார்கள். அவர்களும் என்னை நம்பி வரவில்லை. பிஸ்கட்டை நம்பி வந்தார்கள்.

கேப்டன் தலையாட்டினார். "போவோம்னு முடிவாச்சு. ஆனா அவனவன் பீப்பாய் அவனவன் இஷ்டம்."

என்னோடு சேர்ந்து ஐந்து வண்டிகள் தண்ணீரை வைத்துக்கொண்டன. என் எருதுகளுக்கு ஆளுக்கு அரை வாளிதான் கொடுத்தேன். பக்கத்து வண்டி எருதுகள் முழு வாளியில் முகத்தைப் புதைத்துக் குடிப்பதை ஜட்ஜ் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. நான் அதன் கண்ணைச் சந்திக்கவில்லை.

மத்தியானம் வந்தது. மலை அங்கேயே மிதந்தது. சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். பத்து மைல் தாண்டிய இடத்தில் லவீனா எண்ணிக்கையை உரக்கச் சொன்னாள்; யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பதினைந்தில் மலை மெதுவாகக் கீழிறங்கித் தரையில் காலை ஊன்றியது. அதுவரை பளபளத்த ஏரி ஒரு மூச்சில் உப்பாகிப் போனது. சூரியன் மறைகிற நேரத்தில் இருபத்திரண்டாவது மைலில் அதைத் தொட்டோம். வறண்ட கருங்கல். ஒரு புல் கிடையாது.

கேப்டனும் நானும் அந்த மலையின் தோள் மேல் ஏறினோம். மறுபுறம் இன்னும் ஒரு வெள்ளை வெளி. அதற்கப்பால் பைலட், மங்குகிற வெளிச்சத்தில். கேப்டன் ஒரு கல்லில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார். தொப்பிக்குள் எதையோ தேடுவதுபோல வெகுநேரம் பார்த்தார்.

"எவ்வளவு?" என்றார்.

ஜூன் மாதத்தில் கேட்டிருந்தால் சட்டென்று சொல்லியிருப்பேன். இப்போது மலையின் காலைத் தேடினேன், இருட்டு மறைத்திருந்தது. "விடியட்டும் கேப்டன். வெளிச்சம் வந்ததும் சொல்றேன்."

கீழே வந்தபோது ஜெத்ரோ என் வண்டி அருகில் நின்றிருந்தான். கையில் காலிக் குவளை. அவன் வாயிலிருந்து ஒரு கேலியும் வராதது எனக்குப் பயமாக இருந்தது.

"மிஸ்டர் டான்ஸ்லி," என்றான். "எனக்கில்ல. என் மாடு ஒண்ணு படுத்துடுச்சு."

"இன்னொரு தடவை மிஸ்டர்னு சொன்னா ஒரு சொட்டுக் கிடையாது. அந்தப் பேரு வீட்டுக்குள்ளயே எனக்குப் போதும் போதும்னு இருக்கு."

"சரி, ரெண்டு மைலு."

"அப்படி வா."

அவன் குவளையை நிரப்பினேன். மாட்டுக்குக் கொண்டு போகிற வழியில் அவன் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கீழ்வானம் வெளுத்ததும் கேப்டனோடு மறுபடி மேலே ஏறினேன். கானல் கிளம்பாத நேரம், காற்று கழுவிவிட்ட மாதிரி இருந்தது. பைலட்டின் நெற்றியில் முதலில் வெயில் பட்டது, பிறகு மார்பில், பிறகு கீழே. நான் அதன் காலுக்காகக் காத்திருந்தேன். தெரிந்தது. வெள்ளை முடிந்து மலை தொடங்குகிற கோடு, நூல் பிடித்தாற்போல. விரலைத் தேடினேன். புதர் எதுவும் பிரிந்து தெரியவில்லை. கால் உண்டு, விரல் இல்லை. லாரமியில் அப்படி இருந்தபோது லவீனா எண்ணியது எவ்வளவு, பிளந்த பாறையில் எவ்வளவு என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன்.

"பதினொண்ணு," என்றேன்.

"நிச்சயமா?"

"இல்ல கேப்டன். ஆனா பதினொண்ணு."

அந்த எண்ணை வைத்துத்தான் தண்ணீரைப் பிரிக்க வேண்டும். பதினெட்டாக இருந்தால் போகிறவர்களும் வழியில் விழுவார்கள், இருப்பவர்களும் இங்கேயே கிடப்பார்கள்.

"பதினொண்ணு," என்று அவரும் சொன்னார். கீழே இறங்கி மளமளவென்று ஏற்பாடு செய்தார். மிச்சமிருந்த தண்ணீர் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. மாடுகள் எல்லாவற்றையும் அவிழ்த்து ஓட்டிப்போவது. ஒரே ஒரு வண்டி மட்டும் காலிப் பீப்பாய்களோடும், குழந்தைகளோடும், நடக்க முடியாதவர்களோடும் போவது. மற்றவர்கள் வண்டிகளின் நிழலில் இருப்பது. போகிறவர்களுக்கு ஆளுக்கு ரெண்டு குவளை, மிச்சம் இங்கே இருப்பவர்களுக்கு. கேப்டன் இருக்கிறவர்களோடு இருந்துகொண்டார்.

"எந்த வண்டி போகுது?" என்று யாரோ கேட்டார்கள்.

கேப்டன் கடைசி வண்டியைக் காட்டினார். "டான்ஸ்லி. முன்னால கொண்டு வா."

ரெண்டரை மாதத்துக்குப் பிறகு என் முன்னால் புழுதி இல்லை. அந்தக் காற்றை நெஞ்சு நிறைய இழுத்தேன். உப்பு ஏறி நாலு தடவை தும்மினேன்.

லவீனா வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து சிவப்புத் துணியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வாய் பேச ஈரம் இல்லை. அதனால் முந்நூற்று அறுபது சுற்று முடியும்போதெல்லாம் ஒரு காய்ந்த பயறைத் தகரக் குவளைக்குள் போட்டாள். டங் என்று ஒரு சத்தம். நாங்கள் எல்லோரும் அந்தச் சத்தத்துக்காகவே நடந்தோம். நாலாவது டங்குக்கு ஒரு குவளைத் தண்ணீர். ஏழாவதுக்கு இன்னொன்று. அதோடு தண்ணீர் தீர்ந்தது.

ஒன்பதாவது விழுந்தது. சூரியன் ஏறிவிட்டது, கானல் மறுபடி மலையின் காலைத் தின்ன ஆரம்பித்தது. ஜெத்ரோ என் பக்கத்தில் வந்தான்.

"ரெண்டு மைலு, ஒம்பது விழுந்தாச்சு."

"கேட்டேன்."

"பச்சை எங்க?"

"நடப்பா."

"நான் பயந்து கேக்கல. சும்மாதான் கேட்டேன்."

"நானும் பயந்து நடக்கல. சும்மாதான் நடக்கறேன்."

பத்தாவது டங் கேட்டது. தலையைத் தூக்கவில்லை. தரையையே பார்த்து நடந்தேன். அந்தத் தரையில் ஒரு புல் இருந்தது. காய்ந்த, கறுத்த, பரிதாபமான ஒரு புல். நிமிர்ந்தேன். மலையின் காலில் விரல்கள் முளைத்திருந்தன. ஒரு புதர், நாலு புதர், பிறகு எண்ண முடியாத அளவுக்கு.

ஜட்ஜ் மூக்கைத் தூக்கியது. பயணம் முழுக்க நீதிமன்றத்துக்குப் போகிற நடை தவிர வேறு நடை அறியாத எருது, கன்றுக்குட்டி மாதிரி குதித்து ஓடியது. டீக்கனும் ஓடியது. பின்னால் அவிழ்த்துவிட்ட நூறு மாடுகளும் ஓடின. வண்டி எகிறி எகிறிப் போயிற்று. உள்ளே குழந்தைகள் கூச்சலிட்டார்கள். நான் கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். என் மனைவி பின்பலகையை இறுகப் பிடித்துக்கொண்டு, ஆரக்காலை விட்டுக் கண்ணை எடுக்காமல், உதடு அசைய அசையப் போய்க்கொண்டிருந்தாள்.

ஊற்று அங்கே இருந்தது. ரொம்பச் சின்னது. அதைச் சுற்றிப் பச்சைப் புல், அதன்மேல் ஈக்கள். நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி பாதி தண்ணீருக்குள் நின்றது. ஜட்ஜ் காது வரை முங்கியிருந்தது. லவீனா இறங்கி, குவளையில் இருந்த பதினோரு பயறையும் கையில் கொட்டிக்கொண்டு, குவளை நிறையத் தண்ணீர் மொண்டு குடித்தாள். ரெண்டாவது குவளையை எனக்கு நீட்டினாள்.

"பதினொரு மைல், நூத்தி நாப்பது சுத்து," என்றாள். "அரை மைலுக்குக் கொஞ்சம் கம்மியா தப்பிட்டே, ஓபெட்."

நான் தண்ணீரைக் குடித்தேன். புரை ஏறியது. தண்ணீர் ரொம்பக் குளிர்ச்சி என்று அவளிடம் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்கும் அதையே காரணமாகச் சொன்னேன்.

"பிஸ்கட் யாருக்கு?" என்று கேட்டேன்.

"பாதிப் பாதி."

மத்தியானம் வரை மாடுகளை மேயவிட்டோம். வெயில் கொஞ்சம் சாய்ந்ததும் நானும் ஜெத்ரோவும் இன்னும் ஆறு பேரும் பீப்பாய்களை நிரப்பி வண்டியில் ஏற்றித் திரும்பினோம். லவீனாவும் குழந்தைகளும் ஊற்றிலேயே இருந்தார்கள். சிவப்புத் துணியைப் பார்த்து எண்ணுகிற வேலையை ஜெத்ரோ தானே கேட்டு வாங்கிக்கொண்டான். முந்நூற்று அறுபதுக்கு முன்னால் மூன்று தடவை பேச்சில் எண்ணிக்கையை விட்டான். என்ன செய்வது, அவன் வாய் அப்படி.

பொழுது சாயும் நேரத்தில் கரிய மலையின் அடியில் வெள்ளைப் புள்ளிகளாக எங்கள் வண்டிகள் தெரிந்தன.

"எவ்வளவு இருக்கும்?" என்றான் ஜெத்ரோ.

வண்டிகளின் கூண்டு தெரிந்தது. சக்கரமும் தெரிந்தது. நிழலில் உட்கார்ந்திருந்தவர்கள் கறுப்புப் பொட்டாகத் தெரிந்தார்கள்.

"ரெண்டு மைல்," என்றேன்.

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, துணியைப் பார்த்துப் புதிதாக ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தான். வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு எண்ணினான். எழுநூற்றிப் பதினெட்டாவது சுற்றில் சக்கரம் முதல் வண்டியின் ஏர்க்காலில் முட்டி நின்றது.

"ரெண்டு சுத்துக் கம்மி," என்றான் மெதுவாக. அடுத்த நாளே கேப்டனின் கூண்டுத் துணியில் வண்டி மையால் பெரிதாக எழுதியும் வைத்துவிட்டான்: 'ஓ. டான்ஸ்லி, ரெண்டு மைல், சரி.' கலிஃபோர்னியா வரைக்கும் அது அழியவில்லை.

ஆனால் அது அடுத்த நாள். அன்று நாங்கள் வந்துகொண்டிருந்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். காத்திருந்தவர்களுக்குப் பகல் முழுக்கக் கானல்தான் காட்சி. நாலு தடவை வண்டி வருகிறது என்று யாரோ எழுந்து ஓட, கேப்டன் நாலு தடவையும் பிடித்து உட்கார வைத்திருக்கிறார். ஓடினால் இருக்கிற ஈரமும் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். ஐந்தாவது தடவை உண்மையாகவே நாங்கள்தான். அவர்களுக்கு எங்கள் தலை தெரிந்திருக்கிறது, வண்டிக்கூண்டு தெரிந்திருக்கிறது, எல்லாம் காலில்லாமல் அந்தரத்தில். எழுந்தவர்களைக் கேப்டன் கையமர்த்தியிருக்கிறார்.

நான் முன்னால் நடந்து வந்தேன். தூரத்தில் ஒரு வண்டியின் ஆசனத்தின் மேல் அவர் ஏறி நிற்பது தெரிந்தது. தொப்பியைக் கண்ணுக்கு மேல் பிடித்திருந்தார். நாங்கள் நடந்தோம். அவர் அசையவில்லை. இன்னும் நடந்தோம். பிறகு தொப்பியைத் தலைக்கு மேல் உயர்த்தினார். பயணம் முழுக்க யாரிடமும் குரலை உயர்த்தாத மனிதரின் குரல், உலர்ந்து வெடித்து, அந்த வெள்ளை வெளி முழுக்கக் கேட்டது.

"எந்திரிங்க எல்லாரும். கால் தெரியுது."